தோஹா சுத்திப் பார்க்க: சீலைன் மணல் மேடா, தகீரா அலையாத்தியா?

முத்துப்பேட்டையான்
ஊர்லேருந்து யார் தோஹாவுக்கு வந்தாலும் நம்ம ஆளுங்ககிட்ட ஒரே திட்டம்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் லேண்ட் குரூசர்ல தெற்க சீலைன் கடற்கரை, மணல் மேட்டுல நாலு குலுக்கு, ஒட்டகத்து மேல ஒரு போட்டோ, ராத்திரி பரோட்டா. டிசம்பர்ல அப்பா, அம்மா, தங்கச்சி குடும்பம் எல்லாம் வர்றாங்க. சீலைன் பக்கமே போறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன்.

காரணம் இருக்கு. கத்தார்ல பெரும்பகுதி சுண்ணாம்புக் கல்லும் சரளையுமா கிடக்குற தட்டைப் பூமி. மணல் மேடு தென்கிழக்கு மூலையில மட்டும்தான். காலண்டர் படத்துல பார்த்த பாலைவனம் வேணும்னு எல்லாரும் அந்த மூலைக்கே ஓடுறோம். என் கணக்கு வேற: வடக்க அல் தகீரா அலையாத்திக் காடு, வடமேற்க அல் ஜுபாரா, மேற்க ஜெக்ரீத். மூணுலயும் பக்கத்துலயே கடல். பாலைவனமும் கடலும் முட்டிக்கிறதுதான் இந்த ஊர்ல பார்க்க வேண்டியதே. இல்லைங்கிறவங்க வாங்க, பேசுவோம்.

மணல்காத்து
வந்துட்டேன். தம்பி, கடலும் பாலைவனமும் முட்டிக்கிற இடம்னு பெருசா பேசிட்டு கோர் அல் அதைத்தை, அதான் உள்கடலை, விட்டுட்டீங்களே! கடல் ஒரு ஒடுக்கமான வழியில உள்ள நுழைஞ்சு, மணல் மேட்டுக்கு நடுவுல பெருசா விரிஞ்சு கிடக்கு. அக்கரையில சவூதி. 2008-லயே யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியல்ல ஏறின இடம். அதுக்கு ரோடு கிடையாது. மெசையீத் தாண்டி சீலைனோட தார் முடிஞ்சிடும், அப்புறம் மணல்தான். மணல்ல வண்டி ஏத்த மாட்டேன்னா உள்கடலைப் பார்க்க மாட்டேன்னு அர்த்தம்.

இன்னொண்ணு. உங்க அப்பா அம்மா முத்துப்பேட்டை. லகூன் பக்கத்துலயே பொழப்பு நடத்துனவங்களை பிளைட் ஏத்திக் கூட்டிவந்து அலையாத்தி காட்டப் போறீங்களா? ஊர்ல போய்ச் சொன்னா சிரிப்பாங்க.

பருத்தித்துறை
நான் தம்பி முத்துப்பேட்டையின்ர பக்கம். மாமியை ஒரு டூர் வண்டியில சீலைனுக்கு அனுப்பினம். மனுசிக்கு நாரி நோ எண்டு ஏத்தேக்கயே சொன்னனாங்கள். ஓட்டினவருக்கு அதெல்லாம் காதில ஏறேல்லை. "மெதுவா, மெதுவா" எண்டு இவ கத்தக் கத்த, அவர் அதைச் சந்தோசத்தில கத்துறா எண்டு நினைச்சாரோ தெரியாது, இன்னும் வேகமா இறக்கினவராம். பிறகு ரெண்டு கிழமை மனுசி கட்டிலை விட்டு எழும்பேல்லை. வயசானவை, பிள்ளைத்தாச்சியள், முதுகு நோ இருக்கிறவை இதில ஏறவே கூடாது. கூடாரம் அடிக்கிற சீசனில ஹமத் மருத்துவமனைக்காரர் சீலைனில தனியா ஒரு கிளினிக் போடுறவை. ஏன் போடுறவை எண்டு ஒருக்கா யோசியுங்கோ.

மணல்காத்து
அக்கா, கிளினிக்குக்கு வர்றதுல நாலு சக்கர மோட்டார் பைக்கைக் கட்டுப்பாடில்லாம ஓட்டுற கேசு நிறைய. ஹெல்மெட் போடாத பசங்களை நானே கண்ணால பார்க்குறேன். உங்க மாமி விஷயத்துல தப்பு ஓட்டினவன் மேல. அதுக்கு மணல் என்ன பண்ணும்?

தெரிஞ்சு ஓட்டுனா எப்படின்னு சொல்றேன். 35-ல இருக்குற டயர் காத்தை 15 பிஎஸ்ஐ பக்கம் இறக்கணும். டயர் அகலமாகி மணல் மேல மிதக்கும். இங்க காத்து வடமேற்கேருந்து வருது, ஷமால். அதனால ஒவ்வொரு மேட்டுக்கும் வடமேற்குப் பக்கம் சாய்வாவும், தென்கிழக்குப் பக்கம் செங்குத்தாவும் இருக்கும். உள்கடலுக்குப் போறப்ப சாய்வுல ஏறி செங்குத்துல இறங்குறோம், சுகமா இருக்கும். திரும்பி வர்றப்பதான் சோதனை. முன்னாடி செங்குத்துச் சுவர் நிக்கும். ஏற முடியாது, சுத்தி வரணும். புதுசா வர்ற ஆள் போன சுகத்துலயே திரும்பி வந்து மாட்டிக்கிறான், அதுவும் இருட்டுற நேரத்துல. உச்சியில அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு பார்க்காம தாண்டவே கூடாது. சப்காங்கிற உப்புத்தரை இன்னும் மோசம். மேல பொருக்குத் தட்டி கெட்டியாத் தெரியும், அடியில சேறு. ரெண்டு வண்டியில்லாம நான் கிளம்புறதே இல்ல. குலுக்காமலும் போகலாம்க்கா, மேட்டோட ஓரமாவே.

முத்துப்பேட்டையான்
அண்ணே, நீங்க நல்லா ஓட்டுறீங்கன்னு யாரும் மறுக்கல. ஆனா ஒவ்வொரு வெள்ளியும் அங்க எத்தனை வண்டி? மணல் முழுக்க டயர் தடம். அது சுத்திப் பார்க்குறதா, உழுது போடுறதா?

மணல்காத்து
இந்த வாதத்தை எடுப்பீங்கன்னு எதிர்பார்த்தேன். மணல் மேட்டுல விழுற தடம் அடுத்த ஷமால்ல போயிடும். நீங்க சொன்ன சரளைப் பூமி அப்படி இல்ல. அங்க ஒரு வண்டி தடம் மாறி ஓட்டுனா வருஷக்கணக்குல அழியாது. மழை பெய்ஞ்சா முளைக்க வேண்டிய விதையும் அந்தத் தடத்துல நசுங்கிப் போயிருக்கும். ஜெக்ரீத் போற உங்க ஆளுங்க, குழி விழுந்த பாதைக்கு ஒதுங்கி ஒதுங்கி புதுசா நாலு பாதை போட்டு வச்சிருக்காங்களே, அது என்னவாம்?

சீலைன் மணலே ஒரு கடைசி ஸ்டாக்கு தம்பி. பனியுகத்துல வளைகுடா காய்ஞ்சு கிடந்தப்ப காத்து அள்ளிக்கிட்டு வந்தது. கடல் ஏறினதும் வரத்து நின்னுபோச்சு. இருக்குற மேடுங்க மெல்ல மெல்ல தென்கிழக்கா நகர்ந்து கடைசியில உள்கடல்லயே போய் விழுது. அந்த மேட்டை முடிக்கப்போறது காத்தும் கடலும்தான், என் டயர் இல்ல.

முத்துப்பேட்டையான்
சரளை விஷயத்துல நீங்க சொல்றது உண்மைதான், அதுக்காகத்தான் இருக்குற தடத்தை விட்டு இறங்காதேன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்றது. மழைத்தண்ணி தேங்குற பள்ளங்களை ரவ்தாங்கிறாங்க, அதுலதான் இலந்தையும் கருவேலமும் புல்லும் இருக்கு. அந்தப் பசுமைக்கு மேல வண்டி ஏத்துனா சட்டப்படி நடவடிக்கை. ஆனா உங்க தர்க்கம் எனக்குப் புரியல. தானா அழியப் போகுதுன்னா நாமளும் ஏறி மிதிக்கலாமா? மணல் மேட்டுலயும் பல்லி இருக்கு, பாம்பு இருக்கு, ராத்திரி வர்ற பூச்சி இருக்கு.

அலையாத்திக்கு வர்றேன். தகீராவுல இருக்குறது அவிசென்னியா மரினா. முத்துப்பேட்டையில அதிகமா இருக்குற அதே மரம்தான். அதனாலதான் அப்பாவைக் கூட்டிட்டுப் போறேன். நம்ம ஊர்ல காவேரியோட கிளையாறுங்க வந்து கலக்குது. கத்தார்ல ஆறுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. நம்ம கடலை விட இந்த வளைகுடா உப்புக் கரிப்பு கூட. வெறும் உப்புத்தண்ணியைக் குடிச்சே அதே மரம் எப்படி நிக்குதுன்னு, அந்த மரத்தைத் தெரிஞ்ச மனுஷன் பார்த்தாத்தான் ருசி. இலையைத் திருப்பிப் பார்த்தா உப்பு சிறு சிறு மணியா படிஞ்சிருக்கும், நாக்குல வச்சா சுள்ளுனு கரிக்கும். சேத்துக்குள்ளேருந்து மூச்சு வேர் பென்சில் நட்டு வச்ச மாதிரி ஆயிரக்கணக்குல நிமிர்ந்து நிக்கும். குளிர்காலத்துல பூநாரையும் வரும். காட்டைத் தாண்டி ஒரு பக்கம் பாறையும் மணலும், ஒரு பக்கம் கடல். இது ஊர்ல கிடையாதுல்ல?

பருத்தித்துறை
கயாக்கில போறதெண்டால் கடல்தண்ணி ஏறுற ஏத்தம் பார்த்துப் போங்கோ. வத்து நேரம் போனால் சேத்தில தட்டி நிக்கும், இறங்கித் தள்ள வேண்டியதுதான். நாங்கள் அப்பிடி ஒருக்கா செருப்பை விட்டிட்டு வந்தம்.

கீழக்கரை_காக்கா
ரெண்டு பேரும் சண்டை போடுறதைப் படிச்சிட்டுத்தான் இருக்கேன். ஜுபாராவை ஒரு பேருக்குச் சொல்லிட்டு விட்டுட்டீங்களே தம்பி. அதுதான் 2013-ல கத்தாருக்குக் கிடைச்ச முதல் உலகப் பாரம்பரிய இடம். வர்றவங்க கோட்டை வாசல்ல போட்டோ எடுத்துட்டுத் திரும்பிடுறாங்க. கோட்டை 1938-ல கட்டினது, நம்ம பாட்டன் வயசுதான் இருக்கும். பார்க்க வேண்டிய ஊர் அதுக்கு அந்தாண்ட, கடலோரமா, மணலுக்குள்ள கிடக்குது. 18-ம் நூற்றாண்டுல முத்து வியாபாரத்துல கொழிச்ச பட்டணம். 1811-ல தாக்கி எரிச்சாங்க, அப்புறம் பழைய மாதிரி எழும்பவே இல்ல. சுவர், முற்றம், தெரு எல்லாம் முழங்கால் உசரத்துக்குத் தெரியும்.

கீழக்கரைக்காரனுக்கு முத்துன்னா சும்மா விஷயம் இல்ல. மன்னார் சலாபத்துக்கு, அதாவது முத்துக்குளிப்புக்கு, இந்த வளைகுடா அரபிங்க வந்திருக்காங்க, நம்ம ஆளுங்க முத்து வாங்கி வித்திருக்காங்க. இங்க முறை இதுதான்: மூக்குல கிளிப்பு, கால்ல கல்லு, இடுப்புல கயிறு. கோடை நாலு மாசம் நடுக்கடல்லயே பொழப்பு. ஜப்பான்காரன் வளர்ப்பு முத்தைக் கொண்டாந்ததும் 1930-கள்ல எல்லாம் சரிஞ்சது. துகான்ல எண்ணெய் கிடைக்கலேன்னா இந்த நாடு என்ன ஆகியிருக்கும்னு அந்த இடத்துல நின்னு யோசிச்சுப் பாருங்க. மணல் மேட்டுல இதெல்லாம் ஏது?

மணல்காத்து
காக்கா, உங்களுக்கு அது கதை. ஏழு வயசுப் பையனுக்கு அது உடைஞ்ச சுவர். தங்கச்சி பிள்ளைங்க ஜுபாராவுல பத்து நிமிஷம் தாங்க மாட்டாங்க. அப்புறம் ஜெக்ரீத்துல துருப்பிடிச்ச நாலு இரும்புத் தகடு. பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போய் துரு காட்டுறதுக்கு நாலு டிக்கெட்டு!

ஷிப்ட்_ஆளு
எல்லாருக்கும் வணக்கம். நீங்க சொல்ற எந்த இடத்துக்கும் மெட்ரோ போகாது. லேண்ட் குரூசர் இருக்குறவங்க லேண்ட் குரூசர் இருக்குறவங்களோட சண்டை போடுறீங்க. எனக்கு வெள்ளி ஒரு நாள்தான் லீவு. 2 ரியால் டிக்கெட்டுல சூக் வாகிஃப் சந்தை, அங்கேருந்து கடலோர கார்னிஷ் நடை, இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்துப் பூங்காவுல உக்காந்தா எதிர்ல கட்டடம் எல்லாம் லைட்டு போட்டு நிக்கும். பாய்மரப் படகுல நாலு பேரு சேர்ந்தா பேரம் பேசி ஒரு ரவுண்டு. ஊர்லேருந்து வந்த மச்சானுக்கு இதைத்தான் காட்டுனேன், சந்தோஷமாத்தான் போனான்.

பாலைவனத்தை நாங்க வேலையிலயே பார்க்குறோம். ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரைக்கும் பத்து மணிலேருந்து மூணரை வரை வெளி வேலை கூடாதுன்னு சட்டம் போட்டிருக்காங்க. அந்த வெயில் எங்களுக்குத் தெரியும். லீவு நாள்லயும் அதையே காசு கொடுத்துப் பார்க்கணுமான்னுதான் தோணும்.

முத்துப்பேட்டையான்
நியாயமான பேச்சு. நீங்க சொன்னதுல தேசிய அருங்காட்சியகத்தையும் சேர்த்துக்கங்க, கோல்டு லைன்ல அதே பேர்ல ஸ்டேஷன் இருக்கு.

ஷிப்ட்_ஆளு
பார்த்திருக்கேன். உள்ள போறதுக்கு முன்னாடி வெளியிலயே ரொம்ப நேரம் நின்னேன். மணலுக்கு அடியில பூ மாதிரி விளையுற கல்லைப் பார்த்துக் கட்டுனதாம். வட்டத் தட்டு ஒண்ணை ஒண்ணு குத்திக்கிட்டுப் போகுது, எதுவுமே நேர்கோட்டுல இல்ல. நான் சாரம் கட்டுற ஆளு. இதுக்கு எங்க ஊன்றி எப்படிச் சாரம் கட்டியிருப்பானுங்கன்னு நினைச்சாலே தலை சுத்துது.

அது கிடக்கட்டும், அந்தத் துருத் தகடு என்னது?

முத்துப்பேட்டையான்
ரிச்சர்ட் செர்ரான்னு அமெரிக்கச் சிற்பி 2014-ல நிறுத்துனது. நாலு எஃகுத் தகடு, ஒரு கிலோமீட்டருக்கு மேல தள்ளித் தள்ளி வரிசையா நிக்குது. ரெண்டு தகடு 14.7 மீட்டர், ரெண்டு 16.7 மீட்டர். தரை மேடு பள்ளம், ஆனா நாலு தகட்டோட உச்சியும் ஒரே மட்டம். ரெண்டு பக்கமும் நிக்கிற பாறைத் திட்டு மேலயும் அதே மட்டம். கிட்டப் போனா கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கணும், தூரத்துல நின்னா நாலு குச்சி. அண்ணன் பத்து நிமிஷத்துல அலுத்துப் போயிருப்பாரு.

மணல்காத்து
அஞ்சு நிமிஷம்.

ஷிப்ட்_ஆளு
ஒரு கிலோமீட்டருக்கு நாலையும் ஒரே லெவல்ல நிறுத்தியிருக்கானா? அடித்தளம் எவ்வளவு ஆழம் போட்டிருப்பான்? இந்தத் திறந்த வெளியில காத்து தள்ளுற தள்ளுக்கு! அதை நான் பார்க்கணும். கார்னிஷைக் கூட விட்டுடுறேன்.

கீழக்கரை_காக்கா
மணல்காத்து, வண்டியில இடம் இருக்கா? தம்பியைக் கூட்டிட்டுப் போங்க.

மணல்காத்து
இடம் இருக்கு காக்கா. வெள்ளிக்கிழமை வரச் சொல்லுங்க, மதியம் தொழுகை முடிஞ்சதும் துகான் ரோட்டைப் பிடிக்கலாம். ஆனா ஒரு கண்டிஷன். அடுத்த வெள்ளி என்கூட உள்கடலுக்கு வரணும். அங்க ஒரு மேட்டோட முதுகுல உக்காந்து கடலைப் பார்த்துட்டு, அப்புறம் எது உசத்தின்னு இதே இடத்துல வந்து எழுதட்டும். முத்துப்பேட்டைத் தம்பி, உங்களுக்கும் சேர்த்துத்தான். அப்பாவை முன் சீட்ல உக்கார வச்சு, ஒரு குலுக்கல் இல்லாம கொண்டு போய்க் காட்டுறது என் பொறுப்பு.

முத்துப்பேட்டையான்
அப்பா வருவாரு, அம்மா வர மாட்டாங்க, அவங்களுக்கும் முதுகு. ஷிப்ட் அண்ணனோட ஓட்டு யாருக்குன்னு பார்த்துட்டுத்தான் நான் ஏறுவேன். ஆனா தகீரா என் லிஸ்ட்ல முதல்லதான் இருக்கு, அதுல மாத்தம் இல்ல.

பருத்தித்துறை
முன் சீட்டோ பின் சீட்டோ, டயர் காத்தை ஆர் இறக்கினது எண்டு பாத்திட்டு ஏறுங்கோ தம்பி. தகீராவுக்கு நாங்களும் வாறம். டிசம்பரில எந்தக் கிழமை எண்டு சொன்னால் ஏத்தம் எத்தினை மணிக்கு எண்டு பாத்துப் போடுறன்.