ஜாவாவில் ஆல்-அன்நேம்ட் போட்டும் எரர் போகவில்லையா? எங்கள் அனுபவம்

டெஸ்ட் சர்வர்களுக்கு செல்ஃப்-சைன்டு (நாமே கையொப்பமிட்ட) சான்றிதழ் தயாரிக்கும் ஒரு சின்னக் கருவி எங்களிடம் உண்டு. யாரோ எப்போதோ ஜேடிகேயின் (ஜாவா டெவலப்மென்ட் கிட்) உள்பேக்கேஜான சன்.செக்யூரிட்டி.எக்ஸ்509-ஐ நேரடியாக இம்போர்ட் செய்து எழுதியது. வெளியே காட்டாத பேக்கேஜைப் பயன்படுத்த அனுமதிக்கும் --ஆட்-எக்ஸ்போர்ட்ஸ் ஆப்ஷனில், பெயரில்லாத மாட்யூல்கள் எல்லாவற்றுக்கும் என்று பொருள்படும் ஆல்-அன்நேம்ட் போட்டு ஜாவா 11-இல் ஓட்டிக்கொண்டிருந்தோம்.

அப்புறம் அந்த ப்ராஜெக்டில் மாட்யூல்-இன்ஃபோ (ப்ராஜெக்டைப் பெயருள்ள மாட்யூலாக்கும் ஃபைல்) சேர்த்தார்கள். கம்பைலே ஆகவில்லை. ஜாவாவின் அடிப்படை மாட்யூலான ஜாவா.பேஸ் அந்தப் பேக்கேஜை உங்கள் மாட்யூலுக்கு எக்ஸ்போர்ட் செய்யவில்லை என்று எரர். தேடினால் எல்லோரும் ஆல்-அன்நேம்ட் போடச் சொல்கிறார்கள். அதுதான் ஏற்கெனவே இருக்கிறதே!

ஆல்-அன்நேம்ட் செல்லுபடியாவது கிளாஸ்பாத்தில் (மாட்யூல் பெயர் பார்க்காத பழைய பாணித் தேடல் பாதை) உள்ள கோடுக்கு மட்டும். மாட்யூல்-இன்ஃபோ இருந்தால் ஆப்ஷனில் பேக்கேஜ் பெயருக்குப் பிறகு வரும் சமக்குறிக்கு அந்தப் பக்கம் உங்கள் மாட்யூலின் பெயரையே எழுத வேண்டும், ஜாவாசி கம்பைலருக்கும் சரி, ஓட்டும்போதும் சரி. ஜாவா 15 வரை பழைய கோடை உள்பேக்கேஜுகளைத் தொடவிட்ட தாராளமும் கிளாஸ்பாத்துக்குத்தான். பெயருள்ள மாட்யூல்களுக்கு 2017-இல் ஜாவா 9 வந்தபோதே கெடுபிடி ஆரம்பித்துவிட்டது.

பெயரை மாற்றிய பிறகும் பில்ட் கருவியான மேவன் முரண்டு பிடித்தது. எந்த ஜாவா பதிப்புக்குக் கம்பைல் என்று சொல்லும் --ரிலீஸ் கொடுத்திருந்தால் ஜேடிகே மாட்யூல்களுக்கு --ஆட்-எக்ஸ்போர்ட்ஸ் போட ஜாவாசி விடாது. ரிலீஸை எடுத்துவிட்டு சோர்ஸ், டார்கெட் கொடுத்ததும் சரியானது.

தலையைச் சுற்றவைத்தது ஜாருக்குள் (கம்பைல் ஆன கிளாஸ்களின் தொகுப்பு ஃபைல்) இருக்கும் மேனிஃபெஸ்ட் என்ற தகவல் ஃபைல்தான். அதில் ஆட்-எக்ஸ்போர்ட்ஸ் என்று ஒரு வரி சேர்க்கலாம். ஜாவா -ஜார் என்று ஓட்டினால் வேலை செய்கிறது. அதே ஜாரை மாட்யூல்பாத்தில் (பெயருள்ள மாட்யூல்களைத் தேடும் பாதை) வைத்து -எம் கொடுத்து ஓட்டினால் இல்லீகல்ஆக்சஸ்எரர். காரணம், -ஜார் கொடுத்தால் ஜார் கிளாஸ்பாத்துக்குப் போய்விடும், மாட்யூல்-இன்ஃபோவை யாரும் பார்ப்பதில்லை. மேனிஃபெஸ்ட் வரி பெயரில்லாத மாட்யூல்களுக்கு மட்டுமே.

மறுமொழி:
நண்பரே, இன்னொன்று. மாட்யூல் பெயரில் ஒரு எழுத்து தப்பினாலும் ஜாவா நின்றுவிடாது. தெரியாத மாட்யூல் என்று ஒரு வார்னிங் மட்டும் போட்டுவிட்டு மேலே போகும். லாக் குவியலில் அது யார் கண்ணில் படும்? நாங்கள் ஜாவாசி இருக்கும் மாட்யூலான ஜேடிகே.கம்பைலரின் உள்பேக்கேஜுகளைத் தொட்டோம். அங்கே எக்ஸ்போர்ட் மட்டும் போதாது, மாட்யூல்-இன்ஃபோவில் ரிக்வயர்ஸ் ஜேடிகே.கம்பைலர் வரியும் வேண்டும். ஜாவா.பேஸை எல்லா மாட்யூலும் தானாகவே ரீட் செய்வதால் உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

மறுமொழி:
ரிஃப்ளெக்ஷனில் (ஓடும்போதே கிளாஸின் உள்ளே எட்டிப்பார்க்கும் வசதி) பிரைவேட் ஃபீல்டைத் தொடுபவர்களுக்கு --ஆட்-எக்ஸ்போர்ட்ஸ் உதவாது, --ஆட்-ஓபன்ஸ் வேண்டும். இன்ஆக்சஸிபிள்ஆப்ஜெக்ட்எக்செப்ஷன் வந்தால் இதைத்தான் பாருங்கள். ஆனால் --ஆட்-ஓபன்ஸை ஜாவாசிக்குக் கொடுத்துப் பயனில்லை, ஓட்டும்போது மட்டும்தான்.

முதலில் எழுதியவர்:
நன்றி. கோடு எதையெல்லாம் சார்ந்திருக்கிறது என்று காட்டும் ஜேடெப்ஸ் கருவியை --ஜேடிகே-இன்டர்னல்ஸ் கொடுத்து ஓட்டிப் பார்த்தோம். உள்பேக்கேஜைத் தொடும் கிளாஸ் ஒன்றே ஒன்றுதான். அதைத் தூக்கிவிட்டு, வேறு ப்ரோகிராமை ஓட்ட உதவும் ப்ராசஸ்பில்டர் வழியாக, ஜேடிகேயோடு வரும் சான்றிதழ் கருவியான கீடூலைக் கூப்பிடுகிறோம். ஆப்ஷன் வரிகள் எல்லாம் மேவனின் பாம் ஃபைலிலிருந்து போயாயிற்று.