புதுப்பிப்பு: பிக்கப் முடிவாகிவிட்டது, கறுப்பு இல்லை

பிக்கப் வண்டி (பின்னால் திறந்த சரக்குத் தட்டு உள்ளது) வாங்கப்போகிறேன், கறுப்பா வெள்ளையா, டீசலா பெட்ரோலா, நான்கு சக்கர இயக்கம் தேவையா என்று மூன்று வாரம் முன்பு இங்கே புலம்பியிருந்தேன். நேற்று முன்பணம் கட்டிவிட்டேன்.

கறுப்பைக் கைவிட்டதற்கு ஷோரூம் வண்டிதான் காரணம். நிழலில் கண்ணாடி மாதிரி மின்னியது. வெயிலுக்கு நகர்த்தியதும் கதவு முழுக்கத் துடைத்த துணியின் வட்ட வட்டக் கீறல்கள். வெள்ளை எடுத்தால் உள்ளே சூடு குறையும், தெரியும். மனசு கேட்கவில்லை. சாம்பல் நிறம் எடுத்தேன். காய்ந்த சேறு சட்டென்று கண்ணில் படாது.

இன்ஜினில்தான் பிடிவாதமாக இருந்தேன். டீசலில் இன்ஜின் மெதுவாகச் சுழலும்போதே நல்ல இழுவிசை கிடைக்கும், நான் இழுக்கும் டிரெய்லருக்கு அதுதான் சரி. ஆனால் "தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுவீர்கள்?" என்று உங்களில் ஒருவர் கேட்டது உறுத்தியது. ஐந்தாறு கிலோமீட்டர்தான்! புதிய டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் உண்டு. சேர்ந்த கரியை எரிக்க அதற்கு நல்ல சூடும் நீண்ட ஓட்டமும் வேண்டும். குட்டிப் பயணங்களிலேயே ஓட்டினால் அடைத்துக்கொள்ளும். ஆகவே டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் அமைப்பு) உள்ள பெட்ரோல்.

சன்ரூஃப் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கூடுதல் வசதி ஒவ்வொன்றின் எடையும் நாம் ஏற்றக்கூடிய சுமையில்தான் கழியும். ஒரே மாடலின் இரண்டு வகைகளில் கதவருகே ஒட்டியிருந்த சுமை அளவைப் பார்த்தேன். விலை கூடியதில்தான் அளவு குறைவு.

நான்கு சக்கர இயக்கம் மட்டும் விடவில்லை. ஈரப் புல்லில் டிரெய்லரோடு ஒருமுறை மாட்டிக்கொண்டவன் நான்.