மறு: புரோகிபிஷன் நோட்டீஸ் – செயல்தடை ஆணை?

> 'தடையாணை' என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லோருக்கும் புரியுமே.

வணக்கம் ஐயா. ஆபத்தான வேலையைத் தடுக்கப் பிரிட்டனின் பாதுகாப்பு ஆய்வாளர் கொடுக்கும் 'புரோகிபிஷன் நோட்டீஸ்' என்பதற்குத் தமிழில் 'தடையாணை' என்றால் புரியும்தான், ஆனால் வேறொன்றாகப் புரியும். செய்தித்தாளில் 'தடையாணை' என்று கண்டாலே நீதிமன்றம் கொடுத்தது என்றுதான் எடுத்துக்கொள்வோம். பிரிட்டனின் 1974 தொழிலிடப் பாதுகாப்புச் சட்டப்படி இந்த நோட்டீஸ் நீதிமன்றத்துக்குப் போகாமலே பிறக்கிறது. கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் நிற்கும் ஆய்வாளர், ஒரு வேலையால் ஆட்களுக்குக் கடுமையான காயம் நேரும் ஆபத்து உண்டு என்று கருதினால் போதும், அவரே எழுதிக் கொடுக்கலாம். உடனே நடப்புக்கு வரும் என்றும் எழுதலாம். மீறினால் குற்றம். அதனால் 'நோட்டீஸ்' என்பதற்கு 'அறிவிப்பு' என்ற சொல்லும் போதாது.

'பணிநிறுத்த ஆணை' எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் வேலைநிறுத்தத்தோடு குழம்பும். இன்னொன்று, மொத்த மேடையையும் மூடுவதுபோல் ஒலிக்கிறது. 2013-இல் வடகடலில் ஷெவ்ரான் எண்ணெய் நிறுவனத்தின் 'கேப்டன்' என்ற மேடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஹெலிகாப்டர் இறங்கும் தளத்துக்கு ஏறும் படிகளில் துரு இருந்தது. கால் வைத்தால் உடைந்து ஆள் விழலாம் என்று ஆய்வாளர்கள் அஞ்சினார்கள். ஆணை அந்தப் படிகளைப் பற்றியதுதான். நிறுவனம் பிறகு அந்த இரும்பைக் கழற்றிச் சோதித்தபோது தேவையான வலு இருந்தது. ஆணையை எதிர்த்து நிறுவனம் செய்த மேல்முறையீடு பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆணைக்குப் பிறகு கிடைத்த சோதனை முடிவையும் மேல்முறையீட்டை விசாரிக்கும் தீர்ப்பாயம் கணக்கில் எடுக்கலாம் என்று 2018-இல் தீர்ப்பு வந்தது. ஒரு செயலை மட்டும் தடுப்பது என்பதால் 'செயல்தடை ஆணை' என்கிறேன்.

இதன் இணை, இம்ப்ரூவ்மென்ட் நோட்டீஸ். 'திருத்த ஆணை' வேண்டாம், சட்டத் திருத்தம் நினைவுக்கு வரும். 'குறைநீக்க ஆணை' சரியாக இருக்கும். கெடு கொடுத்துக் குறையைச் சரிசெய்யச் சொல்வது அது. மேல்முறையீடு செய்தால் குறைநீக்க ஆணை தானாக நிற்கும், செயல்தடை ஆணை நிற்காது. தீர்ப்பாயம் சொன்னால்தான் நிற்கும். இந்த வேறுபாட்டையும் விளக்கக் குறிப்பில் சேர்த்துவிடலாம்.

இவ்வளவு வாதாடுவதற்குக் காரணம் உண்டு. 1988 ஜூலை 6 அன்று வடகடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை வெடித்து எரிந்த விபத்தில் 167 பேர் இறந்தார்கள். அதுவரை, எண்ணெய் எடுப்பதை ஊக்குவித்த எரிசக்தித் துறையிடமேதான் பாதுகாப்புக் கண்காணிப்பும் இருந்தது. நீதிபதி கல்லன் பிரபு அந்த விபத்தைப் பற்றி நடத்திய விசாரணைக்குப் பிறகு, 1991-இல் அதைத் தனி அமைப்பிடம் மாற்றினார்கள். ஆய்வாளர் கையில் இருக்கும் அதிகாரம் எவ்வளவு என்பது தமிழில் படிப்பவருக்கும் சொல்லிலேயே தெரிய வேண்டும்.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். மேடையின் ஆபத்துகளை எப்படிக் கட்டுப்படுத்துகிறோம் என்று நிறுவனம் எழுதித் தரும் ஆவணமான 'சேஃப்டி கேஸ்' பற்றித் தனி இழையில் பேசலாம். அதற்கு 'வழக்கு' என்று மட்டும் போட வேண்டாம்.

அன்புடன்