புதுப்பிப்பு: ஊசல் ஏன் தாமதித்தது என்று தெரிந்துவிட்டது

போன வாரம் கேட்டிருந்தேன்: 1 மீட்டர் ஊசலை 60 பாகைக்கு இழுத்துவிட்டால், சூத்திரம் சொல்லும் 2.01 விநாடிக்குப் பதில் ஓர் அலைவுக்கு 2.14 ஆகிறதே, ஏன்? நீளத்தைச் சரிபார்க்கச் சொன்னீர்கள். கொக்கியிலிருந்து குண்டின் மையம் வரை மறுபடி அளந்தேன். அது சரிதான்.

விஷயம் கோணத்தில் இருக்கிறது. குண்டை நடுவுக்கு இழுக்கும் விசை, எடையைக் கோணத்தின் சைனால் பெருக்கியது. பாடப்புத்தகச் சூத்திரமோ சைனும் ரேடியனில் (180 பாகை = π ரேடியன்) அளந்த கோணமும் ஒன்றே என்று வைத்துக்கொள்கிறது. 10 பாகையில் 0.1736, 0.1745, வித்தியாசமே இல்லை. 60 பாகையில் 0.866, 1.047! விசை அவ்வளவு குறைவதால் அலைவு நேரம் சுமார் 7 சதவீதம் நீள்கிறது. கணக்குப்படி 2.15, காற்றில் வீச்சு குறைவதால் எனக்குக் கொஞ்சம் குறைந்தது.

அப்புறம் 10 பாகையில் சோதித்தேன். பாகைமானியை நம்பாமல், செங்கோண முக்கோணம் போட்டு, சுவரில் 17.4 செ.மீ. தள்ளிப் பென்சில் கோடு கிழித்து அங்கிருந்து விட்டேன். பத்து அலைவுக்கு 20.1 விநாடி. அந்த எண்ணைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் இருக்கிறதே!

17ஆம் நூற்றாண்டில் டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ் இதே சிக்கலுக்காகத்தான் கடிகார ஊசலைச் சைக்ளாய்டு வளைவில் (உருளும் சக்கரத்தின் விளிம்பில் உள்ள ஒரு புள்ளி வரையும் கோடு) ஆடவைத்தார். அடுத்து அதைச் செய்து பார்க்கப் போகிறேன்.