வாழ்க்கைக்கு அர்த்தம் வேணும்ங்கறதுக்காக கிறிஸ்தவரா மாறலாமா? (அயான் ஹிர்ஸி அலி மேட்டர்)

தெருவிளக்கு:
தெரியாதவங்களுக்கு முதல்ல கதைச்சுருக்கம். அயான் ஹிர்ஸி அலி சோமாலியால பொறந்தவங்க, இஸ்லாத்தை விட்டு வெளிய வந்து நெதர்லாந்துல எம்பி ஆனவங்க. 2004ல இவங்களோட சேர்ந்து ஒரு குறும்படம் எடுத்த டச்சு டைரக்டர் தியோ வான்கோவை ஆம்ஸ்டர்டாம் தெருவுல வச்சு கொன்னவன், இவங்களுக்கு எழுதின மிரட்டல் லெட்டரை அந்த உடம்புலயே கத்தியால குத்தி வச்சுட்டு போனான். அதுக்கு அப்புறமும் அசராம நாத்திகம் பேசினவங்க, 2023 நவம்பர்ல நான் இப்ப கிறிஸ்தவர்னு கட்டுரை எழுதிட்டாங்க. காரணம் ரெண்டு சொல்றாங்க. ஒண்ணு, சீனா ரஷ்யா இஸ்லாமிய தீவிரவாதம் இதுக்கெல்லாம் எதிரா மேற்கத்திய நாகரிகத்தை தூக்கி நிறுத்த கிறிஸ்தவத்தை விட்டா வேற ஒண்ணும் இல்லையாம். ரெண்டு, வாழ்க்கைக்கு என்ன அர்த்தம்ங்கற கேள்விக்கு நாத்திகத்துகிட்ட பதில் இல்ல, ஆன்மீக ஆறுதல் இல்லாம வாழவே முடியலயாம்.

சரி, இயேசு மூணாம் நாள் உயிரோட எழுந்தாரா? அந்த பேச்சே கட்டுரையில கிடையாது. எனக்கு ஒண்ணு தேவைப்படுதுங்கறதால அது உண்மை ஆயிடுமா? யாராச்சும் சொல்லுங்க.

பாளை ஸ்டெல்லா:
தம்பி, தேவைப்பட்டு வராதவன் எவன் இருக்கான்? சுவிசேஷத்துல இயேசுகிட்ட வந்தவங்க லிஸ்ட்டை எடுத்துப் பாருங்க. குஷ்டரோகி, கண்ணு தெரியாதவன், பன்னெண்டு வருஷமா ரத்தப்போக்கு இருந்த அம்மா. அவங்கள்ல யாரும் ஆராய்ச்சி பண்ணி ஆதாரத்தோட வரல. அயான் சாகணும்ங்கற அளவுக்கு உள்ள ஒடஞ்சு போயி வந்திருக்காங்க, நீங்க வாசல்ல நின்னு ஹால் டிக்கெட் கேக்கறீங்க.

தெருவிளக்கு:
அக்கா, அந்தம்மா மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. லாஜிக்கை பத்திதான் பேசறேன்.

குரோய்டன் குமரன்:
நான் இருக்கறது லண்டன்ல, அதனால இங்க நிலவரம் கொஞ்சம் சொல்றேன். 2021 சென்சஸ்ல இங்கிலாந்து வேல்ஸ்ல கிறிஸ்தவர்னு போட்டவங்க 46.2 சதவீதம், அதாவது பாதிக்கும் கீழ, இதுக்கு முன்னாடி இப்படி ஆனதே இல்ல. மதம் இல்லன்னு டிக் பண்ணவங்க 37.2. இன்னொரு பக்கம் 2018லயே இந்த ஊர் அரசாங்கம் தனிமைக்குன்னு தனியா ஒரு மந்திரிய போட்டுச்சு. இதனாலதான் அதுன்னு நான் சொல்ல வரல, ஆனா ரெண்டும் ஒரே ஊர்ல நடக்குது.

நாத்திகர்களும் சும்மா இருக்கல. 2013ல ரெண்டு காமெடியன்ஸ் சேர்ந்து இஸ்லிங்டன்ல ஒரு பழைய சர்ச் கட்டடத்துலயே சண்டே அசெம்பிளின்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, சாமி இல்லாத சர்ச். நானும் போய் பாத்தேன். எல்லாரும் எழுந்து நின்னு பாப் பாட்டு பாடறாங்க, ஒருத்தர் சயின்ஸ் பத்தி பேசறாரு, கொஞ்ச நேரம் அமைதியா உக்காரணும், அப்புறம் டீ, கேக். நல்ல மனுஷங்க, கேக்கும் நல்லாவே இருந்துச்சு. ஆனா எங்க அம்மா தவறினப்ப அவங்க யாருக்கும் போன் பண்ணணும்னு எனக்கு தோணல, தமிழ் சபை பாஸ்டருக்குதான் பண்ணேன். இத்தனைக்கும் நான் அங்க ஒழுங்கா போறவன் கிடையாது.

தெருவிளக்கு:
அம்மாவுக்கு என் அஞ்சலி நண்பா. ஆனா நீங்க சொல்றது பழக்கம், சொந்த ஊர் மொழி, கூட நிக்கற ஆளுங்க. இதுல கடவுள் எங்க வந்தாரு? 2014ல ஓயிஷி, டீனர்னு ரெண்டு உளவியல்காரங்க 132 நாட்டுல கேலப் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்ப வச்சு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. பணக்கார நாட்டுக்காரன் வாழ்க்கை திருப்தியா இருக்குங்கறான், ஏழை நாட்டுக்காரன்தான் வாழ்க்கைக்கு அர்த்தம் இருக்குன்னு அதிகமா சொல்றான், அதுக்கு பெரிய காரணம் மதப்பற்றுன்னு வந்துச்சு. இதை தூக்கிட்டு வந்து பாத்தியா பாத்தியான்னு காட்டுவாங்க. ஆனா அங்க அர்த்தம் இருக்குன்னு சொன்னவன்ல முஸ்லிமும் இருக்கான் கிறிஸ்தவனும் இருக்கான். அப்ப அர்த்தம் குடுக்கறது இயேசுவா, இல்ல ஏதோ ஒரு மதமா? அயான் விட்டுட்டு வந்த மதத்துலயே அந்த அர்த்தம் கிடைக்கும்போல இருக்கே!

கடைசி பெஞ்ச்:
நான் ஆர்சி (ரோமன் கத்தோலிக்கன்), வாரா வாரம் பூசைக்கு போறவன். ஆனா இதுல தெருவிளக்கு பக்கம்தான் நிப்பேன், ஸ்டெல்லா அக்கா திட்டினாலும் பரவால்ல.

கிறிஸ்து எழுந்திருக்கலன்னா எங்க பிரசங்கமும் விருதா (வீண்) உங்க விசுவாசமும் விருதான்னு அப்போஸ்தலர் பவுலே பைபிள்ல 1 கொரிந்தியர் 15ல போட்டு உடைச்சுட்டாரு. அர்த்தம் கிடைக்கும்னு வாங்கன்னு அவர் கூப்பிடல, நடந்துச்சு அதனால வாங்கன்னுதான் கூப்பிட்டாரு. நடக்கலன்னா கடைய மூடிட்டு போலாம்னும் அவரே சொல்றாரு.

அர்த்தத்தை தேடி உள்ள வந்தா என்ன ஆகும்னு ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாய பாருங்க. அம்பது வயசு சமயம், பேர் புகழ் எஸ்டேட் எல்லாம் இருக்கு, ஆனா எதுக்கு வாழணும்னு தெரியல. தூக்கு மாட்டிக்குவோமோன்னு பயந்து கயித்தை ஒளிச்சு வச்சாரு, துப்பாக்கி எடுத்துட்டு வேட்டைக்கு போறதையும் நிறுத்திட்டாரு. பண்ணையில வேல செய்யற குடியானவங்க சாவுக்கு பயப்படாம இருக்காங்களேன்னு பாத்து திரும்ப சர்ச்சுக்கு போனாரு, உபவாசம் எல்லாம் இருந்தாரு. கடைசில என்னாச்சு? அற்புதம் வேணாம் உயிர்த்தெழுதல் வேணாம் நற்கருணை வேணாம்னு ஒவ்வொண்ணா கழிச்சுட்டு நல்லொழுக்கத்தை மட்டும் வச்சுகிட்டாரு, 1901ல ரஷ்ய சர்ச் இவர் எங்க ஆள் இல்லன்னு அறிவிச்சிருச்சு. தனக்கு அர்த்தம் குடுத்த பகுதிய மட்டும் வச்சுகிட்டு மத்ததை தள்ளிட்டாருங்கறதுதான் என் கருத்து.

இதுக்கு நேர் எதிர் அன்னை தெரசா. 2007ல வெளிவந்த அவங்க கடிதங்களை படிச்சா தெரியும், கிட்டத்தட்ட அம்பது வருஷம் உள்ள ஒரே இருட்டு, கடவுள் இருக்கற உணர்வே இல்ல. ஆறுதலும் கிடையாது ஒண்ணும் கிடையாது. ஆனா காலையில எழுந்து ஜெபம் பண்ணிட்டு கல்கத்தா தெருவுக்கு போயிட்டே இருந்தாங்க. அயான் சொல்ற கணக்குப்படி பாத்தா அந்தம்மா எப்பவோ மதத்தை விட்டிருக்கணும்.

பாளை ஸ்டெல்லா:
திட்ட மாட்டேன் தம்பி, ஆனா நீங்க விசுவாசத்தை பரிசுத்தவான்களுக்கு மட்டும் ரிசர்வ் பண்ணி வச்சிருக்கீங்க. மாயை மாயை எல்லாம் மாயைன்னு புலம்பற பிரசங்கி புஸ்தகமும் நம்ம வேதத்துக்குள்ளதான இருக்கு. வெறுமைய சொல்லிட்டு வர்றவனுக்கு அங்கயே ஒரு புஸ்தகம் முழுசா இடம் விட்டிருக்காங்க.

தெருவிளக்கு:
கடைசி பெஞ்ச், உங்கள மாதிரி ஆளுகூட சண்டை போடவே மனசு வரல போங்க. தெரசா பாயிண்டை நான் எதிர்ப்பக்கமா படிப்பேன், அம்பது வருஷம் கூப்பிட்டும் பதில் வரலன்னா அந்தப் பக்கம் ஆளே இல்லன்னு ஏன் எடுத்துக்கக்கூடாது?

குரோய்டன் குமரன்:
நாத்திகத்துக்கு பேர் போன உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸை யாரும் சொல்லலியே. 2024 ஈஸ்டருக்கு ரேடியோ பேட்டியில தான் ஒரு கலாச்சார கிறிஸ்தவர்னு சொன்னாரு. பாட்டு புடிக்குமாம், கதீட்ரல் புடிக்குமாம், நம்பிக்கை மட்டும் கிடையாதாம். கல்யாணத்துக்கு வராம பந்திக்கு மட்டும் வர்ற கேஸு. இவர் புடிக்கும்ங்கற பாட்ட பாட ஞாயித்துக்கிழமை எவனாவது எழுந்து போயாகணுமே? எங்க ஏரியாவுல பழைய சர்ச் ஒண்ணு இப்ப ஃபிளாட் ஆயிடுச்சு, கூட்டம் வர்ற சர்ச்சுனா நைஜீரியாக்காரங்களோடதும் நம்ம ஆளுங்களோடதும்தான்.

மட்டுறுத்துநர்:
உள்ளூர் மதமாற்ற அரசியலை இங்க இழுத்த மூணு பதிவை தூக்கியாச்சு. திரியை விட்டு விலகாம பேசுங்க.

கடைசி பெஞ்ச்:
அதே டாக்கின்ஸ் 2024 மே மாசம் நியூயார்க் மேடையில அயான்கிட்ட உயிர்த்தெழுதலை நம்பறீங்களான்னு நேராவே கேட்டாரு. நம்பறதுன்னு தேர்ந்தெடுத்துக்கிட்டேன்ங்கற மாதிரி சொன்னாங்க. எனக்கு இடிக்கறது அந்த இடம்தான். நடந்த விஷயத்தை தேர்ந்தெடுக்க முடியாது, ஒண்ணு நடந்திருக்கு இல்ல நடக்கல.

பாளை ஸ்டெல்லா:
கட்டுரையோட கடைசிப் பகுதிய ரெண்டு பேரும் படிச்சீங்களா இல்லியா? கிறிஸ்தவத்தை பத்தி இன்னும் நெறைய கத்துக்க வேண்டியிருக்கு, ஞாயிறு ஞாயிறு சபைக்கு போய் கொஞ்சம் கொஞ்சமா தெரிஞ்சுக்கறேன்னு அவங்களே எழுதியிருக்காங்க. இப்பதான் வாசப்படி ஏறியிருக்கற பொண்ணுகிட்ட விசுவாசப்பிரமாணத்தை (நாங்க நம்பறத சொல்ற அறிக்கை) தப்பில்லாம ஒப்பின்னா எப்படி? எங்க சபையில திடப்படுத்தலுக்கு (விசுவாசத்தை சபை முன்னாடி உறுதி பண்ற சடங்கு) முன்னாடி மாசக்கணக்குல வகுப்பு நடக்கும், அதுலயும் பாதி பிள்ளைங்க வீட்ல வற்புறுத்தி அனுப்பினதுங்கதான். யார் எப்ப நிஜமா நம்ப ஆரம்பிச்சாங்கன்னு எங்க ஐயருக்கே (பாஸ்டருக்கே) தெரியாது.

தெருவிளக்கு:
தாராளமா வகுப்புக்கு போகட்டும் அக்கா, நான் தடுக்கவே இல்ல. வகுப்பே முடியல, அதுக்குள்ள அந்த மதத்தோட பேர்ல நாகரிகப் போருக்கு ஆள் எடுக்கறாங்களே, அதுக்கு உங்க ஐயர் என்ன சொல்வாரு?