மக்கள் தொடர்பு வேலையில் இன்னும் மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம்: உங்களுக்கு எது?

கடைசிப்பத்தி:
செய்திக்குறிப்பின் அடியில் 'ஊடகத் தொடர்புக்கு' என்று ஒரு எண் போடுவோம் இல்லையா, அது என் சொந்த கைபேசி எண். கிளையன்டின் ஆலையில் தீ. நான்கு வரி அறிக்கை எழுதிக் கொடுத்தேன், சட்டப் பிரிவு அதில் மூன்று முறை கை வைத்தது. நான் 'வருந்துகிறோம்' என்று எழுதியிருந்தது 'அறிந்துள்ளோம்' என்று மாறித் திரும்பி வந்தது. வருத்தம் தெரிவித்தால் பொறுப்பை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமாம். ஆறு மணிக்கு அனுப்பினோம். அப்புறம் போன் ஓயவே இல்லை. நிருபர், டிவி டெஸ்க், மறுபடி நிருபர். எல்லோருக்கும் ஒரே பதில்: "விசாரணை நடக்கிறது, உறுதியான தகவல் வந்ததும் சொல்கிறோம்."

ஏழே முக்காலுக்கு வந்த அழைப்பையும் அப்படித்தான் எடுத்தேன். "எந்தப் பத்திரிகை?" என்று கேட்டேன்.

"பத்திரிகை இல்லைங்க சார். என் வீட்டுக்காரர் அங்க மதிய ஷிஃப்ட். கம்பெனி நம்பர் எதையும் யாரும் எடுக்கல. வாட்ஸ்அப்ல இந்தப் பேப்பர் வந்துச்சு, அடியில இந்த நம்பர் இருந்துச்சு. அவர் வெளிய வந்துட்டாரான்னு மட்டும் சொல்லுங்க."

கணவரின் பெயரையும் சொன்னார். என் எதிரே கணினியில் பெயர்ப் பட்டியல் திறந்தே இருந்தது, மேலே 'வெளியிடக் கூடாது' என்ற குறிப்போடு. நான் அந்தப் பக்கம் பார்வையைத் திருப்பவில்லை. பார்த்தால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயம். "விசாரணை நடக்கிறது, உறுதியான தகவல் வந்ததும் சொல்கிறோம்" என்றேன். நிருபர்களுக்குச் சொன்ன அதே வாக்கியம், அதே ஏற்ற இறக்கத்தோடு வந்தது. அவர் "சரிங்க" என்று வைத்துவிட்டார்.

ஆறு வருடம் ஆகிறது. அந்த 'சரிங்க' இன்னும் காதில் இருக்கிறது.

அடிஸ்கேல்:
என்னுடையது இவ்வளவு பெரியது இல்லை, ஆனாலும் உறுத்துகிறது. மாதக் கடைசியில் கிளிப்பிங் ரிப்போர்ட் போடுவதுதான் ஏஜென்சியில் என் முதல் வேலை. பேப்பரில் வந்த செய்தியை ஸ்கேல் வைத்து அளந்து, எத்தனை பத்தி அகலம், எத்தனை சென்டிமீட்டர் என்று குறித்து, அதே இடத்துக்கு விளம்பரக் கட்டணம் எவ்வளவோ அதால் பெருக்க வேண்டும். விளம்பரத்தை விடச் செய்திக்கு நம்பகம் அதிகம் என்று சொல்லி அதையும் மூன்றால் பெருக்குவோம். வந்த தொகைதான் நாங்கள் கிளையன்டுக்குச் சம்பாதித்துக் கொடுத்த 'மதிப்பு'.

ஒரு மாதம் எங்கள் கிளையன்ட் நிறுவனம் ஒன்றைப் பற்றி அரைப் பக்கக் கட்டுரை வந்தது. அவர்களின் தண்ணீர்ச் சுத்திகரிப்பான் வேலை செய்யவில்லை என்று வாங்கியவர்கள் கொடுத்த புகார்கள், குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு, படத்தோடு. அதை ரிப்போர்ட்டில் சேர்க்காமல் தனியே எடுத்து வைத்தேன். மேலாளர் பார்த்துவிட்டு, "அதையும் அள, இந்த மாதம் இடம் குறைவாக இருக்கு" என்றார். அளந்தேன். படத்தில் ஒரு அம்மா குழந்தையை மடியில் வைத்திருந்தார். ஸ்கேல் அவர் முகத்தின் குறுக்கே போனது. மூன்றால் பெருக்கி எழுதினேன். அந்த மாதத்தில் ஆகப்பெரிய மதிப்பு அதுதான்.

விளம்பரக் கட்டணத்தால் பெருக்குவது மக்கள் தொடர்பின் மதிப்பைக் காட்டாது என்று 2010இல் பார்சிலோனாவில் இத்துறையினரே கூடிக் கோட்பாடாக எழுதிவிட்டார்கள். நான் இதைச் செய்தது அதற்கு வெகுகாலத்துக்குப் பிறகு. இன்றைக்கும் அந்தக் கணக்கைக் கேட்கும் கிளையன்ட்டுகள் இருக்கிறார்கள்.

முன்னாள்நிருபர்:
கடைசிப்பத்தி, உங்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது, சொல்லிவிடுகிறேன். அந்த வாக்கியத்தை வாங்கி எழுதியவன் நான். நிருபருக்கு அதைச் சொல்லலாம், நாங்கள் வேறு வழியில் தேடிக்கொள்வோம். அந்தப் பெண்ணுக்கு வேறு வழி எது? சட்டப் பிரிவு உங்கள் அறிக்கையைத்தான் திருத்தியது, உங்கள் வாயை இல்லை. "அம்மா, என்னால் சொல்ல முடியாது, ஆனால் ஆலை வாசலில் யாரைக் கேட்க வேண்டும் என்று விசாரித்துச் சொல்கிறேன்" என்று கூடவா வரவில்லை?

எனக்கு நினைவில் இருப்பது வேறு மாதிரி ஆள். பக்கம் முடிக்க இருபது நிமிடம் இருக்கும்போது ஒரு பெரிய மருத்துவமனையின் மக்கள் தொடர்பு அதிகாரி அழைத்தார். "மதியம் நான் கொடுத்த எண்ணிக்கை தப்பு. எங்களிடம் அதைவிட அதிகம் பேர் சேர்ந்திருக்கிறார்கள். சரியானது இது, எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். அவர் நிறுவனத்துக்குத்தான் அது பாதகம். ஏன் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். "தப்பு என் பெயரில் போனது" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் அனுப்பிய எந்தக் குறிப்பையும் நான் திறக்காமல் விட்டதில்லை.

ஒன்று கேட்கிறேன். அந்தப் பட்டியல் எதனுடைய பட்டியல்?

முதல்மணிநேரம்:
அடிஸ்கேல் சொன்னது போன்ற கணக்கு நானும் போட்டிருக்கிறேன், அதை விடுங்கள். கடைசிப்பத்தியின் பிரச்சினைக்கு வருகிறேன், ஏனென்றால் இங்கே தனி மனிதரைக் குற்றம் சொல்வது சரியில்லை. தப்பு ஏற்பாட்டில் இருக்கிறது.

நெருக்கடி வந்தால் முதல் அறிக்கைக்கு முன்பே குடும்பத்தினருக்கென்று தனி எண் இயங்க வேண்டும், அதை எடுக்கத் தெரிந்த ஆட்கள் உட்கார வேண்டும். ஊடக எண்ணும் அந்த எண்ணும் ஒரே தாளில், குடும்பத்துக்கான எண் மேலே, பெரிய எழுத்தில். இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. 1982இல் சிகாகோ வட்டாரத்தில் டைலனால் என்ற வலி நிவாரணி மாத்திரைக்குள் யாரோ சயனைடு கலந்து ஏழு பேர் இறந்தபோது, அதைத் தயாரித்த ஜான்சன் அண்டு ஜான்சன் மூன்று கோடிக்கும் மேற்பட்ட பாட்டில்களைத் திரும்பப் பெற்றதை எல்லாப் பயிற்சி வகுப்பிலும் சொல்வார்கள். பொதுமக்கள் அழைத்துக் கேட்கக் கட்டணமில்லா எண் ஒன்றைத் திறந்ததை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. எனக்கு அதுதான் முக்கியம். அதற்கும் முன்னால் 1906இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் ரயில் பாலத்திலிருந்து தண்ணீரில் விழுந்தபோது, ரயில் நிறுவனத்தின் மக்கள் தொடர்பைக் கவனித்த ஐவி லீ விபத்தை மூடி மறைக்காமல் நிருபர்களை அந்த இடத்துக்கே வரவழைத்தார். பேசாமல் இருப்பது பாதுகாப்பு என்பது சட்டப் பிரிவின் நம்பிக்கை. வதந்தி அந்த நேரத்தில் சும்மா இருக்காது.

ஆகவே ஒப்பந்தம் போடும் அன்றே கிளையன்டிடம் கேளுங்கள்: நள்ளிரவில் அழைத்தால் முடிவெடுக்கக் கூடியவர் யார்? சட்டப் பிரிவு எத்தனை நிமிடத்தில் திருப்பித் தரும்? இரங்கலுக்கும் பொறுப்பேற்புக்கும் உள்ள வித்தியாசத்தை அவர்களோடு முன்கூட்டியே பேசி, இரண்டு வாக்கியம் ஒப்புதல் வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை. அறிக்கையில் போடும் எண் யாருடைய சொந்த எண்ணாகவும் இருக்கக் கூடாது.

என் சம்பவம்: ஒத்திகை என்று தெரியாமல் ஒரு காவலாளி அழுதுவிட்டார். அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

நடுவரி:
ஒத்திகை, ஹாட்லைன் எல்லாம் பெரிய நிறுவனங்களுக்கு. மூன்று பேர் உள்ள ஏஜென்சியில் யார் உட்காருவது? நான் ஆட்குறைப்பு அறிவிப்பு எழுதியவள். 'கனத்த இதயத்துடன்' என்று நிர்வாக இயக்குநரின் மேற்கோளாகப் போட்டேன், அவர் படிக்கக்கூட இல்லை, 'ஓகே' என்று பதில் வந்தது. வேலை போனவர்களில் ஒருவர் எனக்குத் தெரிந்தவர். "பரவாயில்லை, எங்க எம்.டி. மனசு கஷ்டப்பட்டிருக்கார், படிச்சியா?" என்று என்னிடமே காட்டினார். நான் தலையாட்டினேன்.

கடைசிப்பத்தி:
முன்னாள்நிருபர், உங்கள் கோபம் நியாயம். முதல்மணிநேரம் சொன்ன எண்ணை இப்போது எல்லா அறிக்கையிலும் கேட்டு வாங்கிப் போடுகிறேன், இரண்டு கிளையன்ட் எடுக்கச் சொன்னார்கள், எடுக்கவில்லை.

பட்டியலைப் பற்றிக் கேட்டீர்கள். முதலில் எழுதும்போது அதை எழுத முடியவில்லை. அவர் போனை வைத்த பிறகு பார்த்தேன். அது பத்திரமாக வெளியே வந்தவர்களின் பட்டியல். இதை வெளியிட்டால் இதில் இல்லாதவர்கள் யார் என்று தெரிந்துவிடும் என்பதால் நிறுத்தி வைத்திருந்தார்கள். அவர் கணவரின் பெயர் பதினோராவதாக இருந்தது. நாங்கள் அறிவித்தது இரவு பதினொன்றரைக்கு. அந்த அம்மாவின் எண் என் போனிலேயே இருந்தது, அதற்குள் அதன் மேல் முப்பது ஊடக அழைப்புகள் வந்து விழுந்திருந்தன. எல்லாவற்றுக்கும் திருப்பிப் பேசினேன். அதற்கு மட்டும் பேசவில்லை.