கன் (துப்பாக்கி) எடுத்துட்டு காரில் நியூ ஹாம்ப்ஷயர் போகணும், நியூ ஜெர்சி வழி சரியா வருமா?

வணக்கம் மக்களே, சார்லட்ல இருக்கோம், சிட்டிசன்தான், கன் வெச்சுக்க நார்த் கரோலினா பர்மிட்டும் இருக்கு. அடுத்த மாசம் குடும்பத்தோட காரிலேயே நியூ ஹாம்ப்ஷயர் போறோம். அங்க 2017லேருந்து பர்மிட்டே தேவையில்ல, பிரச்சனை நடுவுல வர்ற மேரிலாண்ட், நியூ ஜெர்சி, நியூயார்க்தான், நம்ம பர்மிட்ட இவங்க யாரும் மதிக்கிறதில்ல.

1986 ஃபெடரல் சட்டப்படி கிளம்புற இடத்திலயும் போய்ச் சேர்ற இடத்திலயும் லீகல்னா கன்லேருந்து குண்ட வெளிய எடுத்துட்டு, ரெண்டையும் கைக்கு எட்டாத மாதிரி வெச்சு கொண்டு போகலாம். எங்களது எஸ்யூவி, தனி டிக்கி கிடையாது, அதனால பூட்டின பெட்டில வைக்கணும், கிளவ் பாக்ஸ், கன்சோல் எல்லாம் செல்லாது. இதுவரைக்கும் தெளிவு.

குழப்பம் என்னன்னா நியூ ஜெர்சில எடிசன் ஊர்ல மச்சான் வீட்ல ஒரு ராத்திரி தங்கச் சொல்றாங்க. 2005ல ஒருத்தர் ஃபிளைட்ட விட்டுட்டு அதே நியூ ஜெர்சில நியூவார்க்ல ஹோட்டல்ல தங்கி, மறுநாள் ஏர்போர்ட்ல கன்ன டிக்ளேர் பண்ணப்போ அரெஸ்ட் ஆகி, கேஸ் போட்டும் 2010ல அப்பீல் கோர்ட்ல தோத்துட்டார், நடுவுல பெட்டி அவர் கைல இருந்துச்சுன்னு காரணம் சொன்னாங்க. அதப் படிச்சதுலேருந்து மச்சான் வீட்டுச் சாப்பாடே வேணாம்னு தோணுது (வீட்டம்மா ஒத்துக்கல).

நியூ ஜெர்சிய தொடாம ஐ-81 ஹைவே பிடிச்சு பென்சில்வேனியால தங்கிட்டு ஸ்கிராண்டன்லேருந்து ஐ-84ல போனவங்க யாராவது இருக்கீங்களா? அப்புறம் என் மேகசின் (குண்டு போடுற டப்பா) 15 ரவுண்டு, அதாவது 15 குண்டு பிடிக்கும், கனெக்டிகட், மாசசூசெட்ஸ்ல 10தான் லிமிட், அத வீட்லயே வெச்சுட்டு 10 ரவுண்டு வாங்கிக்கிறதுதான் நல்லதா? வக்கீல் யாராவது இருந்தா சொல்லுங்க ப்ளீஸ், "கன்னே எதுக்கு"ங்கிற பஞ்சாயத்து இன்னொரு நாள் வெச்சுக்கலாம்.